தோட்டத்து ஆம்னிக்கு ரோலரில் பெயின்ட்: முடியுமா, முடியாதா?

காங்கேயம் கொரங்காடு:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தோட்டத்தில் 2001ஆம் ஆண்டு மாருதி ஆம்னி ஒன்று நிற்கிறது. வெள்ளை நிறம். பால் கேன், தவிட்டு மூட்டை, சோளத்தட்டு, சில சமயம் கன்றுக்குட்டி, எல்லாம் அதில்தான் போகும். எஞ்சினில் குறையே இல்லை. கூரையில் மட்டும் பெயின்ட் மாவாக உதிர்கிறது. சறுக்குக் கதவின் அடியிலும் சக்கர வளைவிலும் துரு ஏறிவிட்டது. பதிவைப் புதுப்பிக்க அடுத்த ஆண்டு வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

ஒரு பட்டறையில் 35,000 ரூபாய் கேட்டார்கள். வண்டியை விற்றாலே அதற்கு மேல் பெரிதாக வராது. என்னிடம் கம்ப்ரசர் இல்லை. வாடகைக்கு எடுக்கலாம் என்றாலும் சாளையை (தோட்டத்து வீட்டை) ஒட்டியே மாடுகளின் கட்டுத்தரை இருக்கிறது. மாடுகள் மேல் பெயின்ட் புகை படியவிட அப்பா சம்மதிக்க மாட்டார். வெளிநாடுகளில் ஸ்பாஞ்ச் ரோலரால் கார் முழுவதற்கும் எனாமல் உருட்டுகிறார்கள் என்று பார்த்தேன். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் சிந்தெடிக் எனாமலில் அது நடக்குமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பீளமேடு பட்டறை:
பெயின்ட் வேலையில் முடி நரைத்தவன் சொல்கிறேன்: ரோலர் சுவருக்கு. வண்டிக்குப் பெயின்ட் தெளிக்கும் துப்பாக்கி. ரோலர் உருட்டினால் ஆரஞ்சுத் தோல்போல் புள்ளி புள்ளியாக நிற்கும். அதைத் தேய்த்துச் சமன் செய்ய நீங்கள் செலவிடும் உழைப்பைக் கூலியாகக் கணக்குப் போட்டால் 35,000 மலிவு. மெட்டாலிக் நிறமாக இருந்தால் பேச்சே வேண்டாம். அதில் உள்ள அலுமினியத் துகள்கள் ஒவ்வோர் உருட்டலுக்கும் ஒவ்வொரு திசையில் படுத்து, கதவு முழுக்கத் திட்டுத்திட்டாகத் தெரியும். உங்கள் வண்டி வெள்ளை என்பதால் தப்பித்தீர்கள்.

கொடிவேரி வாய்க்கால்:
காங்கேயத்துத் தம்பி, முடியும். என் டிராக்டர் டிரெய்லரும் பவர் டில்லரும் ரோலரில் அடித்தவைதான். மழை, எரு, செங்கல் எல்லாம் பார்த்தாகிவிட்டது, பெயின்ட் இன்னும் பிடித்து நிற்கிறது.

முதலில் டிரெய்லரில் பழகுங்கள். பத்தடிக்கு ஆறடி டிரெய்லர், இரண்டடிப் பலகை என்றால் உள்ளும் புறமும் தளத்தின் இரு பக்கமும் சேர்த்துச் சுமார் 250 சதுர அடி. லிட்டருக்கு நூறு சதுர அடிக்கு மேல் போகும் என்று வைத்துக்கொண்டால், ஒரு கோட்டுக்கு இரண்டரை லிட்டருக்குள் முடியும். அதே வேலையைச் சாதாரணத் துப்பாக்கியில் அடித்தால் பாதிக்கு மேல் காற்றோடு போய்விடும். ரோலரில் அந்த விரயம் கிடையாது. டின்னில் இருப்பது தகட்டுக்குத்தான் போகும்.

பீளமேடு பட்டறை:
எருவண்டியை விளக்குமாற்றால் அடித்தாலும் எரு கோபித்துக்கொள்ளாது. இவர் கேட்பது ஆம்னி.

கொடிவேரி வாய்க்கால்:
அந்த ஆம்னியில்தானே ஐயா கன்றுக்குட்டி போகிறது.

ஈரோடு ஆய்வகம்:
சண்டைக்கு நடுவே கொஞ்சம் வேதியியல். ரோலரா துப்பாக்கியா என்பதை முடிவு செய்வது பெயின்ட் காயும் விதம்தான்.

பட்டறைகளில் பழைய வண்டிகளுக்கு அடிக்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கர், தின்னர் ஆவியானதும் காய்ந்துவிடும். வேறு வினை எதுவும் நடப்பதில்லை. ரோலர் இரண்டாவது முறை திரும்பி வருவதற்குள் முதல் உருட்டல் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அடுத்த கோட்டில் உள்ள தின்னர் கீழே உள்ள கோட்டையும் கரைத்துக் குழப்பும். ஆகவே அதை உருட்டவே கூடாது. சிந்தெடிக் எனாமல் அப்படி இல்லை. டர்பென்டைன் மெதுவாக ஆவியாகும், அதன்பின் பெயின்ட்டில் உள்ள எண்ணெய்ப் பிசின் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகும். தொட்டால் ஒட்டாத நிலை சில மணி நேரத்தில் வரும், உள்ளே முழுதாக இறுகப் பல வாரம் ஆகும். இந்த மந்தம் பட்டறைக்காரருக்குத் தொல்லை. ரோலர் பிடிப்பவருக்கு அதுவே வரம், ஏனென்றால் ரோலர் விட்ட மேடுபள்ளம் தானாகத் தளர்ந்து சமனாக நேரம் கிடைக்கிறது.

துப்பாக்கிதான் காருக்கு இயல்பானது என்பதும் பிற்கால வழக்கம். 1920களின் தொடக்கம் வரை பெரும்பாலான கார்களுக்குத் தூரிகையால்தான் வார்னிஷ் பூசினார்கள். ஒரு வண்டி காய்ந்து வெளியே வர வாரக்கணக்கில் ஆகும். டூபான்ட் நிறுவனத்தின் டூகோ லேக்கர் வந்து, ஜெனரல் மோட்டார்ஸ் அதை 1924 மாடல் ஓக்லண்ட் கார்களுக்கு அடித்த பிறகுதான் தொழிற்சாலைகள் தெளிப்புக்கு மாறின. அவர்கள் தேடியது வேகம். உங்களுக்கு அவசரம் இல்லையே.

காங்கேயம் கொரங்காடு:
நன்றி ஐயா. ஹார்டனர் என்னும் இறுக்கியைக் கலக்கும் பி.யு. (பாலியூரிதேன்) பெயின்ட் நீடித்து உழைக்கும் என்கிறார்களே, அதை ரோலரில் உருட்டலாமா?

ஈரோடு ஆய்வகம்:
படகுகளுக்கு அப்படிச் செய்கிறார்கள். ஒருவர் ரோலரில் உருட்டிக்கொண்டே போக, பின்னால் ஒருவர் காய்ந்த தூரிகையின் நுனியால் லேசாக வருடிக் குமிழிகளை உடைத்துக்கொண்டே வருவார். ஆனால் அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் ஆயுள் முழுக்க ஆஸ்துமா. துப்பாக்கியில் தெளிப்பவர் வெளிக்காற்றைக் குழாயில் கொண்டுவரும் முகமூடி அணிய வேண்டும். கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிப்பதைப் பார்த்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது. உருட்டும்போது புகைப்படலம் எழாது என்பதால் ஆபத்து குறையும், ஒழியாது. தோலில் படவும் விடக்கூடாது. அதோடு, கலந்த பெயின்ட் சில மணி நேரத்தில் டப்பாவிலேயே இறுகிவிடும். மலிவான ஸ்பாஞ்ச் ரோலரும் அந்தத் தின்னரில் கரைந்து பிய்ந்து வரும். முதல்முறை செய்பவருக்குச் சிந்தெடிக் எனாமலே போதும்.

பல்லடம் தறிக்காரர்:
எப்போது அடிக்கப் போகிறீர்கள் என்பதைச் சொல்லவில்லையே? ஆடியில் தொடாதீர்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இங்கே காற்றாலைகளைச் சுழற்றுகிற வேகத்தில் ஈர எனாமலில் உங்கள் கொரங்காட்டு மேய்ச்சல் நிலத்துப் புழுதியில் பாதி வந்து ஒட்டும். எங்கள் பக்கம் கூடுதலாகத் தறிக்கூடத்துப் பஞ்சும் கோழிப்பண்ணை இறகும் உண்டு.

ஆனைமலை நார்:
பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார்த் தூள். எந்தத் திசையில் மில் இருக்கிறது என்று பார்த்துத்தான் துணியே காயப்போடுகிறோம்.

பல்லடம் தறிக்காரர்:
ஐப்பசி, கார்த்திகையில் மழை ஈரம். மார்கழியில் பனி இறங்கி, மாலையில் அடித்த பெயின்ட் பளபளப்பு மங்கிப் பால்பூத்து நிற்கும். தை பிறந்து பங்குனி முடியும் வரைதான் நல்ல காலம். அதிலும் காலைப் பனி உலர்ந்த பிறகு தொடங்கி, வெயில் தகட்டைச் சுடுவதற்குள் முடித்துவிடுங்கள். சுடும் தகட்டில் உருட்டினால் பெயின்ட் நூல் நூலாக இழுக்கும்.

கொடிவேரி வாய்க்கால்:
பருவம் சரியாகச் சொன்னார். இனி வேலையைச் சொல்கிறேன். பொறுமை இல்லாதவர்கள் இதோடு நிறுத்திவிட்டுப் பட்டறையில் பணத்தைக் கட்டிவிடுங்கள், அதில் தப்பில்லை.

வண்டியைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, காய்ந்த பின் டர்பென்டைன் நனைத்த துணியால் துடையுங்கள். டயர் பாலிஷ், டேஷ்போர்டு பாலிஷ் இவற்றில் சிலிக்கான் இருக்கும். அதன் சுவடு தகட்டில் துளி இருந்தாலும் பெயின்ட் அந்த இடத்தில் விலகி ஓடி வட்ட வட்டக் குழியாக நிற்கும், பட்டறையில் மீன்கண் என்பார்கள். துருவைக் கம்பித் தூரிகையாலும் 80 எண் எமரியாலும் பளிச்சென்று தகடு தெரியும் வரை எடுங்கள். துருவுக்கு மேல் பெயின்ட் அடிப்பவர் அடுத்த ஆண்டும் அடிப்பார். சக்கர வளைவில் விரல் போகிற அளவு ஓட்டை விழுந்திருந்தால் பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) வைத்து மூடாதீர்கள், வெல்டரிடம் காட்டித் தகடு வையுங்கள். சிறு பள்ளங்களுக்கு ஹார்டனர் கலந்து தடவும் பாலியெஸ்டர் பட்டி போதும். அதை உலர்வாகத்தான் தேய்க்க வேண்டும். அது தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், பின்னால் அடியிலிருந்து துரு கொப்புளிக்கும்.

வெறும் தகடு தெரியும் இடங்களுக்குப் பிரைமர் என்னும் அடிப்பூச்சு. சிவப்பு ரெட் ஆக்சைடு கையில் இருக்கிறது என்று அதை அடித்துவிடாதீர்கள். மேலே வெள்ளை எத்தனை உருட்டினாலும் இளஞ்சிவப்பு எட்டிப்பார்க்கும். சாம்பல் நிறப் பிரைமர் வாங்குங்கள். அது காய்ந்ததும் 400 எண் வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்த்து வழவழப்பாக்குங்கள். பழைய பெயின்ட் நன்றாகப் பிடித்திருக்கும் இடங்களைச் சுரண்ட வேண்டியதில்லை, பளபளப்பு போகும் அளவு தேய்த்தால் போதும்.

ரோலர் நான்கு அங்குலம், நெருக்கமான ஸ்பாஞ்ச். சுவருக்கு உருட்டும் கம்பளி ரோலர் வேண்டவே வேண்டாம், மயிர் உதிர்க்கும். எனாமலை டர்பென்டைன் விட்டு நீர்மோர் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். ரோலரை நனைத்துத் தட்டில் நன்றாக உருட்டி வடித்துவிட்டு, தகட்டில் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்புங்கள். கடைசியாக ஒரே திசையில், ரோலரின் எடை மட்டும் படும்படி ஓர் ஓட்டம். குமிழி தெரிந்தால் பதற வேண்டாம். ஒரு நிமிடம் கழித்து, கிட்டத்தட்ட உலர்ந்த ரோலரால் ஒருமுறை தடவுங்கள். அதன்பின் திரும்பிப் பார்க்காதீர்கள். இழுக்கத் தொடங்கிய பெயின்ட்டை மறுபடி உருட்டுவதால் வரும் கேடு, புள்ளிகளால் வருவதைவிடப் பெரிது.

முதல் கோட் பார்க்க அவலமாக இருக்கும். அடியில் இருப்பது தெரியும், திட்டுத்திட்டாக இருக்கும். அங்கேதான் பலர் பயந்து தடிமனாக அள்ளிப் போடுகிறார்கள். மெல்லியதாகவே போகட்டும், நிறம் நான்காவது ஐந்தாவது கோட்டில்தான் கூடும். ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே ஓர் இரவு விடுங்கள். அடியில் இன்னும் காயாமல் இருக்கும்போது மேலே கனமாகப் போட்டால் சுருங்கிவிடும். இரண்டு கோட்டுக்கு ஒருமுறை 600 அல்லது 800 எண் தாளில் தண்ணீர்விட்டுத் தேய்த்து மேடுகளை வெட்டுங்கள். புள்ளி விழுகிறது என்று பட்டறைக்காரர் சொன்னது உண்மைதான், அதை எடுப்பது இந்தத் தேய்ப்பு. கடைசிக் கோட்டுக்குப் பிறகு மாதம் ஒன்றாவது விட்டு, 1000, 1500, 2000 என்று தேய்த்து ரப்பிங் காம்பவுண்டு போட்டால் கண்ணாடி மாதிரி வரும். தோட்டத்து வண்டிக்கு அது தேவையா என்பது உங்கள் இஷ்டம். நான் டிரெய்லருக்குச் செய்யவில்லை.

இன்னொன்று, வெளிச்சம் போட்டு இரவில் அடிக்காதீர்கள். மழை பெய்த மறுநாள் என்றால் ஈசல் அத்தனையும் உங்கள் கூரையில்தான்.

சங்ககிரி லாரி:
எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டும் வண்டிகளோடு காலம் தள்ளுகிறவன் என்ற முறையில் சில வார்த்தைகள். சேஸிஸ் எண் வெட்டியிருக்கும் இடத்தில் பட்டியோ தடித்த பெயின்ட்டோ போகக் கூடாது. எண் தெளிவாகப் படிக்கத் தெரியவில்லை என்றால் வண்டியைத் திருப்பி அனுப்புவார்கள். அந்த இடத்தைச் சிறு தூரிகையால் மெல்லியதாகத் தொட்டுவிடுங்கள். ஒளிரும் பட்டைகள் மேலும் உருட்டாதீர்கள், டேப் போட்டு மறையுங்கள். டேப்பை எனாமல் முழுதாக இறுகும் முன்பே உரித்துவிட வேண்டும். இறுகிய பின் உரித்தால் ஓரம் பிய்ந்து வரும்.

நிறத்தை மாற்றாதீர்கள். பதிவுச் சான்றில் நிறமும் எழுதியிருக்கிறது. மாற்றினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சொல்லிச் சான்றிலும் திருத்த வேண்டும். வெள்ளைக்கு வெள்ளை என்றால் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை.

காங்கேயம் கொரங்காடு:
அப்பாவுக்கு வெள்ளை பிடிக்கவில்லை. மிலிட்டரி ஜீப் மாதிரி பச்சை அடிக்கலாம் என்கிறார். ரோலரில் அடித்தாலும் அழுக்குத் தெரியாது என்பது அவர் வாதம்.

சங்ககிரி லாரி:
அப்பாவிடம் பணிவாகச் சொல்லுங்கள்: 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121ஆம் விதிப்படி ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே. ரோலரா துப்பாக்கியா என்று விதி பார்ப்பதில்லை.

தாராபுரம் அமராவதி:
என் மொபெட்டுக்கு நானேதான் எனாமல் அடித்தேன். ரோலர் போகாத வளைவுகளுக்கு ஓர் அங்குலத் தூரிகை. நன்றாகவே வந்தது. ஒரு விஷயம் எல்லோரும் விட்டுவிட்டீர்கள்: பெட்ரோல். சிந்தெடிக் எனாமல் பெட்ரோலைத் தாங்காது. டேங்க் மூடியைச் சுற்றி நிரப்பும்போது சிந்துகிற இடம் மெத்தென்று ஆகி, துணியால் துடைத்தால் கையோடு வந்துவிடுகிறது. அந்தப் பகுதியை மட்டும் பட்டறையில் பி.யு. அடித்து வாங்கிக்கொண்டேன். ஆம்னியிலும் பெட்ரோல் ஊற்றும் வாயைச் சுற்றிக் கவனம். பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தனிப் பிரைமர் இருக்கிறது. அது இல்லாமல் அடித்தால் சட்டைபோல் உரிந்து வரும்.

ஈரோடு ஆய்வகம்:
அக்கா சொன்னது முக்கியம். அதோடு வெள்ளை எனாமல் நாள்பட மஞ்சளிக்கும், அதுவும் வெயில் படாத இடத்தில்தான் சீக்கிரம். வெளிப்புறம் வெள்ளையாகவே இருக்க, கதவின் உள்மடிப்பு மஞ்சளாகத் தெரிந்தால் பெயின்ட் போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். வெளிப்பக்கத்தில் வேறு கதை. வெயிலில் சில ஆண்டுகளில் மெல்ல மாவு பூக்கும், மறுபடி தேய்த்து ஒரு கோட் உருட்ட வேண்டியிருக்கும். தொழிற்சாலைப் பெயின்ட்டின் ஆயுளை இதனிடம் எதிர்பார்க்க முடியாது.

பழைய டிராக்டர், டிரெய்லர்களின் மஞ்சள், சிவப்புப் பெயின்ட்களில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது, அதுவும் வீட்டு, அலங்காரப் பெயின்ட்களுக்கு மட்டும். ஆகவே உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாமல் ஈரமாகத் தேய்த்து, அந்தச் சேற்றைத் துணியில் வழித்தெடுங்கள். கட்டுத்தரைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். மாடு எதையும் நக்கிப் பார்க்கும், பெயின்ட் செதிலை நக்கிய மாடு ஈய நஞ்சால் சாகவும் கூடும்.

எனாமல் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். எண்ணெய் காற்றோடு சேரும்போது சூடாகும். குவியலாகக் கிடந்தால் தானே பற்றிக்கொள்ளும். பக்கத்தில் சோளத்தட்டுப் போர் இருந்தால் நினைத்துப் பாருங்கள். தண்ணீர் வாளியில் போட்டு வையுங்கள்.

பீளமேடு பட்டறை:
இதுவரை படித்தேன். கொடிவேரிக்காரர் தேய்ப்பைப் பற்றி எழுதியது ஒழுங்கான எழுத்து, அதை ஒப்புக்கொள்கிறேன். பட்டறைக் கட்டணத்தில் பெரும்பங்கு அந்தத் தேய்ப்புக்கும் பட்டிக்கும்தான் போகிறது. துப்பாக்கி பிடிப்பது கடைசி அரை நாள் வேலை. ஆகவே என் யோசனை: தேய்ப்பு, பட்டி, பிரைமர் வரை நீங்கள் செய்யுங்கள். மேல்கோட்டை மட்டும் பட்டறையில் அடித்து வாங்குங்கள்.

தாராபுரம் அமராவதி:
அப்படிக் கொண்டுபோனால் எந்தப் பட்டறை ஏற்றுக்கொள்கிறது, ஐயா? நான் கேட்ட இடங்களில் 'அடியில் என்ன இருக்கிறதோ, பின்னால் உரிந்தால் எங்கள் பேர் கெடும்' என்று திருப்பி அனுப்பினார்கள்.

பீளமேடு பட்டறை:
அது நியாயமான பயம்தான் அம்மா. சிந்தெடிக் பிரைமர்மேல் நாங்கள் என்.சி. அடித்தால் தின்னர் ஏறி எல்லாம் சுருண்டு எழும்பும். என்ன அடித்திருக்கிறது என்று டின்னோடு கொண்டுவந்து காட்டினால் நான் எடுப்பேன். எல்லோரும் எடுப்பார்கள் என்று சொல்ல முடியாது.

காங்கேயம் கொரங்காடு:
தை முடிவதற்குள் கூரையை மட்டும் செய்து பார்த்துவிட்டேன், படம் போட்டிருக்கிறேன். சாளையின் ஓட்டுக்கூரைக்குக் கீழே நிறுத்தி, தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கிக்கொண்டேன். தங்கை ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் நின்று நடுவில் சந்திக்கும்படி உருட்டினோம். ஒற்றை ஆளாக இருந்தால் மறுபக்கம் சுற்றி வருவதற்குள் முதல் ஓரம் இழுத்திருக்கும். முதல் கோட்டைப் பார்த்துவிட்டு அப்பா எதுவும் பேசாமல் போனார். நான்காவது கோட்டுக்குப் பிறகு, பச்சையாக இருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்றார்.

பத்தடி தள்ளி நின்றால் பட்டறை வேலை. கைக்கெட்டும் தூரத்தில் பார்த்தால் புள்ளி தெரிகிறது. மழைநீர்க் காடியின் ஓரத்தில் கொஞ்சம் பெயின்ட் தேங்கி வழிந்திருக்கிறது. அதைப் பிளேடால் சீவலாமா?

பீளமேடு பட்டறை:
சீவாதீர்கள். வழிந்த இடத்தில் மேல்தோல் மட்டும்தான் காய்ந்திருக்கும், உள்ளே இன்னும் காய்ந்திருக்காது. இரண்டு மூன்று வாரம் வெயிலில் நிற்கட்டும். பிறகு தட்டையான மரக்கட்டையில் 800 தாளைச் சுற்றி, தண்ணீர் விட்டு அந்த மேட்டை மட்டும் தேயுங்கள். கூரை மோசமில்லை. பக்கவாட்டில் கூரையைவிடக் குறைவாக நனையுங்கள். அங்கே பெயின்ட் கீழ்நோக்கி வழியும்.

காங்கேயம் கொரங்காடு:
நன்றி ஐயா. பங்குனிக்குள் கதவுகளையும் முடித்துவிடுகிறேன். மீதி டின்னில் ஏடு படிந்துவிட்டது, கலக்கிப் பயன்படுத்தலாமா?

கொடிவேரி வாய்க்கால்:
ஏட்டைக் கலக்காதீர்கள், கதவு முழுக்க மணல் மணலாக வரும். ஓரத்தைச் சுற்றி வெட்டி முழுதாக எடுத்து எறிந்துவிட்டு, மீதியைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். அடுத்த முறை மூடியை இறுக்குவதற்கு முன் மேலே கொஞ்சம் டர்பென்டைன் விட்டு வையுங்கள்.